மூன்று அடுப்பு, ஒரு மனை

புத்தகம் இன்னும் மை வாடை அடிக்கிறது. நேற்றுச் சுரங்கக் கம்பெனி வேனில் கொண்டுவந்து, எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஊர் வரலாறாம். வழவழப்பான தாளில் நடுப்பக்கத்தில் உன் படம். பக்கத்தில் நான், எங்கள் தெரு ஆட்கள். கீழே அச்சாகியிருக்கிறது: ‘புதிய குடியிருப்பு வரவேற்புக் குழு.’

அரியலூரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம் அது. பின்னால் நாம் கட்டியிருந்த பேனரை வெட்டி எடுத்துவிட்டார்கள். எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஹங்கேரியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்ன அன்று என் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருந்தாய். “அது எங்கடா இருக்கு, ரஞ்சன்குடிக்கு அந்தாண்டையா?” என்று கேலி செய்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. உலகப் போருக்குப் பின் அங்கே ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொன்னாய். போர்க்காலக் கணக்கெடுப்பில், வீட்டில் பேசுவது ஜெர்மன் என்று உள்ளதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். பிறகு அந்தத் தாளே ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலானது. ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் வீடுகளில், பக்கத்து நாட்டிலிருந்து விரட்டப்பட்ட வேறு சனங்களைக் குடிவைத்தார்கள். அவர்களும் அழுதுகொண்டேதான் வந்தார்களாம். நான் காயில் சுற்றிக்கொண்டே பாதிதான் கேட்டேன்.

நீ அந்த ஊருக்கே போய் ஆறு மாதம் தங்கியிருந்தபோதுதான் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். அந்தக் காலத்திலிருந்து பண்ணை வேலை பார்த்த சனங்களின் தெரு. சுண்ணாம்புக்கல் தோண்ட ஊரில் முதலில் கேட்டது எங்கள் இடத்தைத்தான். கொஞ்சம் படித்தவன் என்று என்னைக் கூடவே கூட்டிப்போனார்கள். வீட்டு வீட்டுக்கு ஒரே கேள்வி. குடும்பத் தலைவர் யார்?

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று அடுப்பு. ஆனால் அப்பா இருந்தார். “அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கையில தனித்தனியா பேரு குடுத்தா, வூட்ட ரெண்டாக்கிட்டானுங்கன்னு ஊரு பேசாதா?” என்றார் அண்ணன். அப்பா பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். தெருவே அப்படித்தான் சொன்னது. அது மரியாதை என்று நினைத்தோம். தலைவர் பெயருக்கு ஒரு மாற்று மனை என்பது பிறகுதான் தெரிந்தது; மூன்று அடுப்புக்கு ஒரு மனை வந்தது.

நீ திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தாய். “கேக்குறவன் எதுக்குக் கேக்குறான்னு ஒரு வார்த்த கேட்டியாடா?” என்று கத்தினாய். நானும் விடவில்லை. “நீ எங்கடா போயிருந்த? எவன் ஊரு எழவுக்கோ அழப் போயிட்டு, இங்க வந்து என்னைய கேக்குறியா?” அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தெரிந்த நீ இல்லாத நேரத்தில், தெரியாத நான் தலையாட்டினேன்.

பட்டியலை மாற்றக் கேட்டு மறுநாளே குழு அமைத்தோம். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரன் நீ. உன் நிலம் ஒரு சென்ட்கூடப் போகவில்லை. இருந்தும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்தாய். 1956இல் ஹங்கேரி முழுக்க அரசை எதிர்த்துப் புரட்சி வெடித்தபோது அந்தக் கிராமத்திலும் புரட்சிக் குழு அமைந்தது என்றாய். மிஞ்சியிருந்த ஜெர்மன்காரர்களும் குடியேறியவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்களாம். புரட்சி அடக்கப்பட்டதும் அவர்களை ஜெயிலில் போட்டார்கள். “அந்த ஊரு வரலாத்துப் புத்தகத்துல அவங்க பேரே இல்லடா. பள்ளிக்கூடம் கட்டுனது, கரண்ட் வந்தது எல்லாம் இருக்கு” என்றாய்.

பட்டியல் மாறவில்லை. “நீங்க சொன்னதத்தானே எழுதுனோம்?” என்றார் அதிகாரி. இருக்க இடமில்லாமல் என் தம்பி பிள்ளைகுட்டியோடு திருப்பூருக்குப் போனான். அப்பா புது வீட்டு வாசலில் உட்கார்ந்து அவனை விசாரித்தபடியே செத்தார். அடுத்த மழைக்குள் நீயும் மாரடைப்பில் போய்விட்டாய். சண்டை போட ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனதற்கும் உன்மேல் எனக்குக் கோபம்தான்.

நேற்றுப் புத்தகம் கொடுத்த பெண் ஒரு நோட்டை நீட்டினாள். “குடும்பத் தலைவர் கையெழுத்துங்க சார்.”

“எதுக்கும்மா?”

“வாங்குனதுக்குத்தாங்க.”

நோட்டை வாங்கி மேலே இருந்த வரியைப் படித்தேன். ‘நூலில் உள்ள விவரங்கள் சரியானவை என ஏற்றுக்கொள்கிறோம்.’ அக்கம்பக்கத்தார் எல்லாம் போட்டிருந்தார்கள். அவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அதை முதலில் நான் கோடு போட்டு அடித்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் கையெழுத்தை அடித்தார்கள். அந்தப் பெண் பாவம், முழித்தாள்.

“எங்க வூட்டுல மூணு அடுப்பு. மூணு புத்தகம் குடும்மா” என்றேன். உள்ளேயிருந்த அண்ணன் வெளியே வந்து மூன்றையும் வாங்கிக்கொண்டார்.

மூன்றிலும் உன் படத்துக்குக் கீழே இருந்ததை அடித்து, ‘போராட்டக் குழு’ என்று எழுதி, உன் பெயரை முதலில் போட்டேன். மூன்றாவது புத்தகம் இன்று தபாலில் போகிறது. பெறுநர் என்ற இடத்தில் தம்பி பெயருக்கு முன்னால் ‘குடும்பத் தலைவர்’ என்று எழுதியிருக்கிறேன்.