புதையல் மேல் நின்றவள்

அன்புள்ள மாமாவுக்கு அருள்மொழி எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு சர்க்கரை குறைந்ததா?

இங்கே லண்டன் டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் வருகிறது. சிநேகிதர்கள் இருவர் மெட்டல் டிடெக்டரோடு வயல்வயலாகப் புதையல் தேடுவார்கள். கிடைப்பதென்னவோ பாட்டில் மூடிதான். அதைப் பார்த்துவிட்டு, என்னோடு தங்கியிருக்கும் வடலூர் காயத்ரி அந்த மெஷினையே வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு போனோம். நான் நின்ற இடமெல்லாம் அது கத்தியது.

"அடியே, புதையல் மேலயே நிக்கிற, நவுரு!" என்று காயத்ரி குழி குழியாகத் தோண்டினாள். கடைசியில் பார்த்தால், பூட்ஸுக்குள் இருந்த என் மெட்டிதான் அது. கழற்றிக் கோட்டுப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் போய் வயலெல்லாம் தேடினோம். மெஷின் வாயே திறக்கவில்லை.

அத்தையிடம் சொல்ல வேண்டாம். சிதம்பரத்தில் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அம்மிமேல் என் காலைத் தூக்கி வைத்து நீங்கள் போட்டுவிட்ட மெட்டி. கழற்றும்போது உங்கள் நினைப்பே வரவில்லை மாமா, அவ்வளவு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அருள்மொழி