நல்லதைச் சொல்லாத வாய்

யூன் 3, செவ்வாய்

விடியும்போது பதினான்காம் அறை மிஸிஸ் பார்க்கர் போய்விட்டார். அவருடைய மகளுக்குப் போன் செய்தேன், டொக்டருக்குச் சொன்னேன், முகத்தைத் துடைத்துத் தலையை வாரிவிட்டேன். பிறகு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும். பிஸ்கற் நன்றாக இருந்தது. மூன்று வருடம் தினமும் என்னோடு கதைத்த மனுஷி. எனக்கு நினைவிருப்பது பிஸ்கற்.

மானேஜர் ஹெதர் என் தோளைத் தட்டி, "ராணி, நீ எங்களுடைய பாறை" என்றார். இந்த நாட்டில் அது பெரிய பாராட்டு. எங்கள் ஊரில் ஒருத்தியைக் கல் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். நான் நன்றி சொன்னேன். லின்ஃபீல்டில் இந்த முதியோர் இல்லத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்புத் தாதியாக இருக்க இது போதும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன். குரல் உயராது, கை நடுங்காது, முகம் மாறாது.

யூன் 5, வியாழன்

மழை. வேலை. சோறு. படுக்கை.

யூன் 11, புதன்

ஹெதர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த வருடம் என் பகுதியிலிருந்து முதியோரைப் பராமரிக்கும் நான்கு கெயார்கிவர்கள் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது காரணம் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்களாம்: ராணிக்கு எதைச் செய்தாலும் போதாது.

"லிட்டியாவும் வேறு இடம் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளும் போனால், இந்தப் பகுதியை யார் நடத்துவது என்று நான் திரும்ப யோசிக்க வேண்டி வரும்."

மென்மையாகத்தான் சொன்னார். நான் "ஓகே" என்றேன். கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் போய்த் தட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் ஒருத்தரையும் ஏசுறேல்லையே?"

அதுதானே. ஒருவரையும் ஏசியதில்லை. பிழை கண்டால் திருத்துவேன், சரியாக இருந்தால் பேசாமல் போய்விடுவேன். பேசாமல் போனால் சரி என்றுதானே அர்த்தம்? எனக்குப் படிப்பித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

யூன் 14, சனி

சமையலறையில் வேலை செய்யும் பேர்ணடெட் மன்னார்ப் பிள்ளை. இங்கே என்னோடு தமிழில் கதைப்பவள் அவள் ஒருத்திதான். இன்று சூப் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. லிட்டியாவை உங்களுக்கு ஏன் பிடிக்காது?"

"ஆர் சொன்னது?"

"அவதான். நேற்று இதில இருந்து அழுதவ. தான் என்ன செய்தாலும் நீங்கள் முகத்தை ஒரே மாதிரி வைச்சுக்கொண்டு போறீங்களாம்."

பிடிக்காதாம்! பீஜியிலிருந்து வந்த பெண். மிஸ்டர் கொலின்ஸ் தன்னைக் குளிக்க வைக்கப் போகிறவர்கள் எல்லோரையும் அடிப்பார். லிட்டியா பாட்டுப் பாடிக்கொண்டு போனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். இத்தனை வருட வேலையில் இவளைப் போல் ஒருத்தியை நான் கண்டதில்லை. அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதுமில்லை.

ஏன் சொல்லவில்லை?

எங்கள் வீட்டில் நல்லதை வாய்விட்டுச் சொல்வதில்லை, நாவூறு பட்டுவிடும், சொன்ன வாயே கண்ணேறு ஆகிவிடும். கொழுகொழு என்றிருக்கும் பிள்ளையைப் பார்த்து "என்ன, மெலிஞ்சு போச்சு" என்பார்கள். நான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தபோது அம்மா அயலுக்குச் சொன்னது: "ஏதோ பாஸாம்." என் மகன் கௌசிகன் என்ஜினியரானபோது நான் சொன்னது: "சரி, சாப்பிட வா." வேலையிலும் இந்தப் பழக்கம் வசதியாகப் பொருந்திக்கொண்டது. எந்தத் தாதியும் இன்றைக்கு வாட் அமைதியாக இருக்கிறது என்று சொல்லமாட்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் எங்கேயாவது மணி அடிக்கும்.

காப்பாற்றத்தான் வாயை மூடினோம். ஆனால் ராணி, ஒன்று கேட்கிறேன் — மூடி மூடி உள்ளேயும் மூடிப்போச்சோ? மிஸிஸ் பார்க்கர் போனபோது உனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

யூன் 17, செவ்வாய்

தலைமைத்துவம் பற்றி நகரத்தில் ஒரு நாள் வகுப்பு. ஹெதர் அனுப்பினார். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போனேன்.

வகுப்பு நடத்திய பையன் எங்களை வட்டமாக இருத்தி, இந்த நிமிடம் என்ன உணர்கிறீர்கள், ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றான். ஒருவர் பதற்றம் என்றார், ஒருவர் உற்சாகம் என்றார். நான் "ஃபைன்" என்றேன். அது ஓர் உணர்வு இல்லை என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவன் ஒரு மணித்தியாலம் கதைத்தான். எனக்கு அந்தக் கேள்விக்கு மேல் எதுவும் ஏறவில்லை. மத்தியானம் சான்ட்விச் தந்தார்கள்.

யூன் 24, செவ்வாய்

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். லிட்டியா, நீ நன்றாக வேலை செய்கிறாய். ஆங்கிலத்தில் சொன்னால் யாரோ சொல்வது போலிருந்தது. தமிழில் சொன்னால் வெட்கமாக இருந்தது.

வேலையில் அவள் எதிரே வந்தாள். வாயைத் திறந்தேன். "துணி வண்டியை நடைபாதையில் விடாதே" என்றேன். அதை விட்டது அவள்கூட இல்லை.

யூன் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம், ஷிப்ற் மாறும்போது, ஒவ்வொரு அறையாக விவரம் ஒப்படைக்கையில், எல்லோரும் இருக்க. மிஸ்டர் கொலின்ஸின் முறை வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "இவர் இப்போது யாரையும் அடிப்பதில்லை. காரணம் லிட்டியா. எனக்கு அது முடியவில்லை. இந்தப் பகுதியை நடத்தக்கூட அவளால் முடியும்."

லிட்டியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிழை எங்கே வரப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி. பிழை வரவில்லை. அடுத்த அறைக்குப் போனோம். கடைசியில் ஏதாவது ஒரு குறை சொல்லி முடிக்கவேண்டும் என்று என் நாக்கு கிடந்து துடித்தது. விடவில்லை.

யூன் 29, ஞாயிறு

லிட்டியா விழுந்துவிட்டாள். பின்பக்கச் சாய்வுப் பாதையில், குப்பைப் பையோடு. மணிக்கட்டு முறிவு.

கையை அணைத்துக் கட்டினேன், ஐஸ் வைத்தேன், வாகனத்தில் ஏற்றினேன், விபத்து இழப்பீட்டுக்காக ஏசிசிக்கு எழுத வேண்டியதை எழுதினேன். கை நடுங்கவில்லை.

வாயை வைச்சன், விழுந்திட்டாள். இரண்டு நாள்கூடப் பொறுக்கேல்லை. ஒழுங்கா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்தானே? ஆரடி உன்னைச் சொல்லச் சொன்னது? ஹெதருக்குப் பயந்து ஒரு பிள்ளையின்ர கையை முறிச்சுப் போட்டாய்.

யூன் 30, திங்கள்

இதை எழுதவே வெட்கம். நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்தேன். போனில் டிசம்பர் மாத நத்தார் விருந்துப் படம் ஒன்றில் லிட்டியா இருந்தாள். அவற்றைப் படத்துக்கு மேல் மூன்று தரம் சுற்றி, மிளகாயைச் சட்டியில் போட்டு அடுப்பை முடுக்கினேன்.

புகை அலாரம் வீடு முழுக்கக் கத்தியது. இவர் துவாயோடு ஓடிவந்து விசுக்கினார். இரண்டு பேரும் இருமி இருமிக் கண்ணீர்.

"ஆருக்கப்பா இது?"

"வேலையில ஒரு பிள்ளைக்கு. லிட்டியாவுக்கு."

"அது பீஜிக்காரப் பிள்ளையெல்லே?"

"ஏன், நாவூறு பாஸ்போட் பாத்தே வரும்?"

இவர் யன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாவூறு பட்டிருந்தா நெடி அடிக்காதெண்டு கொம்மா சொல்லுறவ. இஞ்ச நிக்கேலாமக் கிடக்கு."

நான் அடுப்படியிலேயே நின்றேன். அம்மாவின் கணக்குப்படியே இது நாவூறு இல்லை. அப்படியென்றால் என்ன? பாதை. அந்தப் பாதையில் மாரி தொடங்கியதிலிருந்து பச்சைப் பாசி. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கார் நிறுத்துகிறேன். கண்டேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னதால் அவள் விழவில்லை. சொல்லாததால் விழுந்தாள்.

யூலை 1, செவ்வாய்

ஹெதரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பாதையைக் கழுவவேண்டும் என்றேன், பாசியை நான் முன்பே கண்டதையும் சொன்னேன். அடுத்த வாரம் ஆள் அனுப்பலாம் என்றார். இன்றைக்கு என்றேன். பார்த்தார். "இன்றைக்கு" என்று திரும்பச் சொன்னேன். பின்னேரம் ஒருவர் வந்து தண்ணீர் அடித்துக் கழுவினார். கொங்கிறீற் வெள்ளையாகத் தெரிந்தது.

யூலை 5, சனி

கோழிக்கறியும் சோறும் எடுத்துக்கொண்டு லிட்டியா வீட்டுக்குப் போனேன். மவுண்ட் வெல்லிங்டனில், கடைத்தொகுதிக்குப் பின்னால் சின்ன வீடு. கதவைத் திறந்தவள் பயந்துவிட்டாள், வேலையை விட்டு நிறுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்தாளாம்.

பாசியைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, எப்படியோ, மிளகாயையும் சொன்னேன். முறியாத கையால் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தாள். சிரிப்பு நின்றபிறகு கேட்டாள்:

"அப்போ இவ்வளவு நாளும் நீ ஒன்றும் சொல்லாமல் போனது, எனக்கு ஒன்றும் வரக்கூடாது என்றா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம், அழகாக இருந்திருக்கும். "பாதி அது. மற்றப் பாதி, எனக்குள் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறேன்" என்றேன்.

அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு தன் செய்தியைச் சொன்னாள். இன்னொரு இல்லத்தில் ஒரு பகுதியையே நடத்தும் வேலைக்குக் கேட்டிருந்தார்களாம். தன்னால் முடியாது என்று மறுக்க இருந்தாளாம். அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து, சம்மதம் என்று எழுதிவிட்டாளாம்.

"மற்றவர்கள் எல்லோருக்கும் எல்லாம் சூப்பர்தான். நீ அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. நீ சொன்னால் அது உண்மை."

"நல்லது" என்றேன். கறிப் பாத்திரத்தைப் பிறகு தா என்றேன்.

யூலை 6, ஞாயிறு

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள்.

யூலை 9, புதன்

ஹெதருக்கு லிட்டியாவின் கடிதம் போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னதால்தான் போகிறேன் என்று எழுதியிருக்கிறாள். இதை நான் என்னவென்று எடுப்பது?"

"தெரியாது. ஆனால் நாளைக்கும் அதையேதான் சொல்லுவேன்."

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பகுதியை யார் நடத்துவது என்ற முடிவை மாரி முடியச் சொல்கிறேன் என்றார். இந்தமுறை தட்டிப் பார்த்தேன், ஆள் இருந்தது. பயம்தான். பரவாயில்லை, அதாவது வந்தது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கௌசிகன் பிறிஸ்பேனில் இருந்து போன் எடுத்தான். அவன் வேலை செய்த பாலத்தைத் திறந்துவிட்டார்களாம். படம் அனுப்பியிருந்தான். வழக்கமாக "சாப்பிட்டியே?" என்று கேட்டுவிட்டுப் போனைத் தகப்பனிடம் கொடுத்துவிடுவேன்.

"தம்பி, நல்ல வடிவாச் செய்திருக்கிறாய். எனக்குப் பெருமையா இருக்கு."

அவன் ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டான்: "அம்மா, உங்களுக்கு ஏதும் வருத்தமா? டொக்டர் ஏதாவது சொன்னாரா? அப்பாவிடம் கொடுங்கோ."

இவர் போனை வாங்கி, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவனை நம்பவைக்க நெடுநேரம் எடுத்தது. சிரித்தேன். சிரித்து முடியப் பாலத்தின் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

லிட்டியாவின் கடைசி நாள். ஆளுக்கொரு தட்டுச் சாப்பாடு கொண்டுவந்தோம். பேர்ணடெட் பற்றிஸ் சுட்டிருந்தாள். என்னைப் பேசச் சொன்னார்கள். ஐந்து வசனம் பேசினேன், ஒன்றிலும் "ஆனால்" இல்லை.

அணைத்துக்கொண்டாள். கார் போனபிறகும் வாசலில் நின்றேன். நெஞ்சு வலித்தது. மாரடைப்போ என்று நாடி பிடித்துப் பார்த்தேன், என்ன இருந்தாலும் தாதிதானே. நாடி சரியாக இருந்தது. கால் விறைத்துக் கிடந்து இரத்தம் திரும்ப ஓடும்போது குத்துமே, அப்படித்தான்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

நத்தார் வரைக்கும் பகுதி என்னிடமே இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று ஹெதர் சொன்னார்.

கம்சாயினி என்று ஒரு புதுப் பெண். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். முதல் ஷிப்ற். ஏழாம் அறை அம்மாவை நித்திரை குழம்பாமல் மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையையும் சரியாக வைத்தாள். வாசலில் நின்று பார்த்தேன்.

"நல்ல வடிவாச் செய்தீர் பிள்ளை" என்றேன்.

"ஓ, தாங்ஸ்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒன்றுமேயில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள்.

நான் ஏழாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிழவியின் கட்டில் ஓரத்தில் இருந்து, அவருக்குக் கேட்காதபடி அழுதேன்.