எங்கள் பெண்களுக்குக் கொடுத்த துடைப்பம்

1979 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸ்கள் லீவு. நிற்க நேரமில்லை. டியூட்டி முடிந்து நேராக மதராசி கேம்ப், தில்லியில் நம் தமிழ்க் கூலிக்காரர்கள் குடிசை போட்டிருக்கும் இடம். டென்ட் ஹவுஸ் சர்தார்ஜி இரவல் கொடுத்த தார்ப்பாய் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. பிள்ளைகளை மறுபக்கம் நெருக்கி உட்கார வைத்துப் பாடம். நான் கணக்கு, கோல் மார்க்கெட்டிலிருந்து வரும் கமலா மாமி இந்தி.

வள்ளி தாமதமாக வந்தாள். ஐந்தாவது படிக்கிறாள். கையெல்லாம் பினாயில் வாடை. எங்கே போனாய் என்று கேட்டேன். அவள் தங்கைதான் சொன்னாள்:

"அக்கா ஸ்கூல்ல கக்கூஸ் கழுவுது. டெய்லி."

தண்டனையா என்று கேட்டேன். இல்லையாம். பள்ளி திறந்ததிலிருந்தே. கேம்ப்பிலிருந்து போகும் நான்கு பெண்கள் மட்டும். மற்றவர்கள் வகுப்பில் பாடம் படிக்கும் நேரத்தில், இன்று மணி அடித்த பிறகும். அப்புறம் வள்ளியே சொன்னாள்:

"ஒங்கம்மா இன்னா வேல பாக்குதுன்னு பெரிய மேடம் கேட்டாங்க. சொன்னேன். அப்ப ஒனக்குத் தெரியும்னு தொடப்பத்தக் குடுத்தாங்க."

அழவில்லை. கணக்கு நோட்டை எடுத்தாள். எனக்குத்தான் எந்தக் கணக்கும் ஓடவில்லை.

இந்த நான்கு பேரைச் சேர்க்க என்ன பாடு. பிறந்த சர்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்ப அனுப்ப, மாமி கோர்ட் வாசலில் நின்று அபிடவிட் வாங்கினார். போகல் பஜாரில் டெய்லர் ஒருவர் சும்மாவே யூனிபார்ம் தைத்தார். வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று பெண்களைப் போக விடாமல் இருந்தார்கள். இப்போது தாய்மார்கள் முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இத்தனையும் இதற்குத்தானா?

ஜூலை 10, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். மாமியும் நானும் பள்ளிக்கு.

பெரிய மேடம், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், நல்ல மரியாதை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கக்கூஸ் கழுவும் சஃபாய்வாலி வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த இடம் காலி, ஆள் போடவில்லை, நான் என்ன செய்வேன் என்றார்.

"அதற்கு எங்கள் பிள்ளைகள்தானா?" என்று கேட்டேன்.

"மற்ற பிள்ளைகளின் வீட்டில் சண்டைக்கு வருவார்கள், சிஸ்டர். இன்கோ தோ ஆதத் ஹை."

இவர்களுக்குப் பழக்கம்தானே. அதைச் சொல்லிக்கொண்டே பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சீட் கொடுத்திருக்கிறோமே, அது போதாதா என்று ஒரு கேள்வி. மாமி தணிந்த குரலில் இந்தியில் ஏதேதோ எடுத்துச் சொன்னார். நான் டீயைத் தொடவில்லை. அதுதான் நான் காட்டிய வீரம். சீ.

ஜூலை 11, புதன்

மாமியோடு சண்டை. கல்வி அதிகாரிக்கு மனு போடலாம் என்கிறார்.

"மனு போய்ச் சேர்றதுக்குள்ள வள்ளி ஸ்கூலையே முடிச்சிடுவா மாமி."

"கோவிச்சுக்காதே மெர்சி. பேரை வெட்டிட்டா என்ன பண்ணுவே?"

அதுவும் நியாயம். அதனால் இன்னும் கோபம்.

சாயங்காலம் கேம்ப்பில் எல்லோரும் கூடினோம். படிப்பே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார்கள் சில அப்பாக்கள். வள்ளியின் அம்மா அஞ்சலை ஓரமாக நின்றிருந்தாள். ஜங்புராவில் வீடு வீடாகப் பாத்ரூம் கழுவுகிறவள்.

"நிறுத்தினா அந்தம்மாவுக்குத்தான் ஜெயிப்பு. நாளைக்கு நாம வேலைக்குப் போவாம ஸ்கூலுக்குப் போலாம்."

"வீட்டுக்காரம்மா வேற ஆள் வெச்சிடுவா," என்றாள் ஒருத்தி.

"பயப்படறவங்க இங்கியே இருந்து கொழந்தைங்களப் பாத்துக்குங்க. மத்தவங்க வாங்க."

ஜூலை 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் வலி, குரல் கட்டிவிட்டது.

நேற்று காலை தாய்மார்கள் பிரேயருக்கு முன்பே வந்து, பெரிய மேடம் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நானும் மாமியும் கூட. யே க்யா தமாஷா, இது என்ன கூத்து என்று வந்தார் மேடம். அஞ்சலை எழுந்தாள். பாதி இந்தி, பாதி தமிழ்.

"மேடம்ஜி, எல்லார் பொண்ணும் முறை போட்டுக் கழுவட்டும். எம் பொண்ணும் கழுவும். அது மட்டும் தனியாக் கழுவாது."

மேடத்துக்குப் புரியவில்லையோ, புரியாதது போல நின்றாரோ. மாமி ஒவ்வொரு வார்த்தையாக இந்தியில் சொன்னார். இந்த முறை குரல் தணியவில்லை. பிள்ளைகளை விட வந்த பஞ்சாபிப் பெண்கள் கூடிவிட்டார்கள். கேவலம் என்று ஒருவர் எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர், காய்கறிக்காரர் மனைவி, "என் பெண் சொன்னாள், நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்று அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர்.

மத்தியானத்துக்குள் மேடம் இறங்கி வந்தார். இனி எந்தப் பிள்ளையும் கழுவாது. எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தோம்.

இன்று காலை அஞ்சலைக்கு ஒரு வீட்டு வேலை போயிற்று. அது மாமிக்குத் தெரிந்த தமிழ் வீடு. பேசிப் பார்க்கிறேன் என்று போன மாமி முகம் சிவந்து திரும்பினார்.

"'உங்களுக்கு ஏன் மாமி இந்த வம்பு'ன்னு கேக்கறா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா குத்துவிளக்குக்குப் பொட்டு வெச்சுண்டே கேக்கறா."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாலக்காட்டுக்காரர் வீட்டில் அஞ்சலைக்கு வேலை கேட்டிருக்கிறோம். திங்கள் முதல் வரச் சொன்னார்கள்.

ஜூலை 16, திங்கள்

மறுபடி மழை. துணி எதுவும் காயவில்லை. சோப்பு வாங்க மறந்தாயிற்று.

வள்ளியிடம் கேட்டேன்.

"கக்கூஸ் கழுவல சிஸ்டர். எங்க நாலு பேரையும் கதவாண்ட ஒக்கார வெச்சிட்டாங்க. டீச்சர் எங்க நோட்ட மட்டும் திருத்தல. தொடவே இல்ல."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். குண்டு குண்டாக இந்தி எழுத்து. பிழை அதிகமில்லை. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாத பக்கங்கள். துடைப்பத்தையாவது கண்ணால் பார்க்கலாம், இதை எந்த அதிகாரியிடம் போய்க் காட்டுவது?

புது வேலையிலிருந்து வந்த அஞ்சலை எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். ஈரத் தலையை முடிந்துகொண்டாள்.

"நாளைக்கி ஒங்களுக்கு இன்னா டூட்டி சிஸ்டர்?"

"காலை."

"மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டேன்.