பச்சைச் சேலையும் குட்டி டிரையரும்

பூங்காவனத்துக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். சாமான் சுற்றிக் கொண்டுவந்தேனே உன் பழைய பச்சைச் சேலை, இங்கே குளிருக்கு அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன். அறையில் கூட இருக்கும் செல்லையா அண்ணன் என்னைப் ‘புதுப்பொண்ணு’ என்றே கூப்பிடுகிறார்.

இந்த மழையில் துணி காயவே காயாது. அதனால் நானும் அண்ணனும் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் மலிவாக ஒரு குட்டி டிரையர் வாங்கினோம். போன வாரம் உன் சேலை உள்ளே சுற்றும்போதே அது நின்றுவிட்டது.

“ஃபேக்டரியில நாள் முழுக்க தேயிலைய காய வைக்கிற, பொண்டாட்டி சேலைய காய வைக்கத் தெரியல லா!” என்றார் அண்ணன்.

தேயிலை மெஷினைத் தினம் சுத்தம் செய்கிறவன், இதையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. திறந்தால் சல்லடை முழுக்கப் பச்சைப் பஞ்சு. எல்லாம் உன் சேலைதான். காய வைக்கக் காய வைக்கத் தேய்ந்திருக்கிறது. அந்தப் பஞ்சை எறிய மனசு வரவில்லை, தலையணைக்குள் வைத்திருக்கிறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் எங்கள் ஃபேக்டரி நடேசனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. நீ கட்டுகிற சேலை ஒன்றும் கொடு. துவைக்காமல் கொடு.

ஃபேக்டரி லோரி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்
கோதண்டம்

சொல்ல மறந்தேன். மெஷின் சரியாகிவிட்டதா என்று பார்க்க, உன் சேலையைப் போடப் பயந்து என் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டேன். மெஷின் நன்றாக ஓடியது. ஸ்வெட்டரை இப்போது பக்கத்து வீட்டு உமாதேவியின் கைக்குழந்தை போட்டிருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது.