கூடப் பிறந்தவர் உண்டா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். ஏழு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதே.

உன் அத்தான் சுகம். ஓய்வு பெற்ற பிறகு சமையல் அவர் பொறுப்பு. உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

எனக்குத்தான் உடம்பு சரியில்லை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் புது இயந்திரத்தைச் சரிபார்க்க யாராவது ரத்தம் கொடுங்கள் என்றார்கள். நான் கையை நீட்டினேன். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு. இயந்திரம் வந்ததுமே கெட்டுப்போச்சு என்று எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் முறையும் ஆறுதான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அந்த ஸ்லைடை நானே பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் ஊரார் ரத்தத்தை எண்ணியவளை யார் தடுப்பார்கள்? சிவப்பணுக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, தம்பி. ஒன்றும் சரியாக முதிர்வதில்லை. கோணல்மாணலாகி, ரத்தத்தில் கலப்பதற்குள் மஜ்ஜையிலேயே மடிந்துபோகின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொள்கிறேன். முதல் வாரம் துணி துவைக்கிறேன். மூன்றாம் வாரம் சீப்பைத் தூக்கவே கை கனக்கிறது.

டாக்டர் அம்மா, "மாத்து மஜ்ஜை குடுக்கக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டேன். பேருந்து வந்தது, ஏறக் கால் வரவில்லை. திரும்பிப் போய், "ஒரு தம்பி இருக்கான். அவன் கல்யாணத்துக்கு நான் போகலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட கேக்கிறது?" என்றேன். "பொருந்தும்னு சொல்ல முடியாது, நாலுல ஒரு பங்கு வாய்ப்புதான். முதல்ல பேசுங்க" என்றார்.

உன் மனைவியைப் பற்றி அன்று நான் சொன்ன வார்த்தை தப்பு. நோய் வந்ததும் வந்த புத்தி என்று நீ சொன்னால், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும்.

குழந்தை யார் ஜாடை என்றுகூட எனக்குத் தெரியாது.

இருபதாம் தேதி அடுத்த ரத்தம் ஏற்றுகிறார்கள். வருவதானால் அதற்கு மறுநாள் வாருங்கள். வாசலில் நின்று, "வாம்மா" என்று அவளை அழைக்கத் தெம்பிருக்கும்.

மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அக்கா