நீ ஏறுவியா?

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு ஒரகடம் கம்பெனியில் எங்களுக்கு ஷிப்ட் இல்லை. நான் எழுதிய கதையை அறைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லூரிப் பேருந்து முன்னால் ஒருத்தி தயங்கி நிற்பதோடு கதை நின்றுவிடும்.

"அப்புறம் என்னாச்சுளா?" என்றாள் பூமாரி.

"அத வாசிக்கிறவுக இஷ்டத்துக்கு விட்டுட்டேன்."

ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். ஒரே கூச்சல், சிரிப்பு. வசுதா மட்டும் என்னைப் பார்த்து, "அதெல்லாம் இருக்கட்டும்டி. நீ ஏறுவியா?" என்றாள்.

என்னை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை, அப்பா.

"ஏறுவேன்" என்று சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

மறுநாளே தண்டலத்தில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்னை நிச்சயம் பண்ணத் தாம்பூலத்தோடு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தப்பாகவே போனாலும் இது நான் எடுத்த முடிவு. நினைக்க நினைக்கச் சிரிப்பாக வருகிறது.

உங்கள் மூத்த மகள்