நூலகத்தில் சொல்யூஷன் வாசனை

பாய், போன சனிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்ததும் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை முகத்தில் அடித்தது. ஆம்பூரில் அந்த வாசனை இல்லாத தெரு எது மேடம் என்று சிரிப்பீர்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக அதையே காலமெல்லாம் சுவாசித்தவர் நீங்கள். ஆனால் நம் ஞாயிற்றுக்கிழமை ரோபோ வகுப்பு நடக்கும் அறைக்குள் அதை ஒருநாளும் விட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பகீரென்றது.

வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை. அன்றைக்குப் பார்த்து விழா ஏற்பாட்டாளர்கள் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி வேலையை முடித்திருக்கிறார்கள். சுவரோரம் ஒரு பெரிய பலகை. அதன்மேல் பளபளவென்று ஆறு புது ரோபோக்கள், சக்கரத்திலிருந்து ஸ்குரூ தலை வரை ஒட்டப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கென்று ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த ரோபோ செட்டுகள்தாம் அவை. பதினோரு மணிக்குத் திறப்பு விழா.

"ஏன் சார் ஒட்டினீங்க?" என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன்.

"பசங்க கழட்டி எடுத்துட்டுப் போய்டுவாங்க மேடம். போட்டோவுலயும் நிக்கணும் இல்ல?"

"இங்க ஷூ பெட்டிங்க அடுக்கி வெச்சிருந்தேனே?"

"அந்தக் குப்பையா? நேத்தே கிளீன் பண்ணிட்டோம்."

குப்பையாம் பாய்! உடைந்த பொம்மைகளிலிருந்து நீங்கள் கழற்றிய எட்டு மோட்டார்கள், செருப்பு ஷீட் கழிவில் வெட்டிய சக்கரங்கள், ஷூ பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்து வைத்த ஸ்குரூக்கள். அதே எட்டு மோட்டார்களை வைத்து மூன்று வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினோம்! அவற்றைப் பூட்டி வைக்க ஒரு பீரோ கேட்டு எத்தனை மனு எழுதினேன்! பீரோ கடைசிவரை வரவில்லை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் மட்டும் தட்டில் வந்தது. மேடையில் யார் யாருக்கோ சால்வை போட்டார்கள். உங்கள் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானாவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்மேலும் கோபம்தான்.

நஸ்ரீன் அழுத நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் மேல் தானாகவே ஓடும் வண்டியை முதன்முதலாகச் செய்து முடித்தாள். அம்மாவிடம் காட்ட வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"பிரிச்சு வைம்மா. பிரிச்சு வெச்சாத்தான் கிளாஸ் முடிஞ்சுது."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "வண்டிதானே பெட்டிக்குள்ள போவுது? உன் கை எங்கியும் போவல இல்ல?" என்றீர்கள். அவள் போன பிறகு, கல்நெஞ்சம் பாய் உங்களுக்கு என்று நான் சண்டைக்கு வந்தேன்.

"அடுத்த வாரம் வர்ற புள்ளைக்கு இன்னா பண்றது மேடம்? நான் மோட்டார் முட்டையா போடுவேன்?"

கோபத்திலும் சிரித்துவிட்டேன். பசை போட்டு ஒட்டினால் சீக்கிரம் முடியுமே என்று நான் கேட்டபோதெல்லாம், "கம் மட்டும் கூடவே கூடாது. ஒட்னது ஒருத்தருக்கு, முடுக்குனது எல்லாருக்கும்" என்பீர்கள். பிடிவாதக்காரர் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தொடக்கூடாத ரோபோக்களைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். இன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நஸ்ரீன் மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். இப்போது ஒன்பதாவது.

"மேடம், இது ஷூ சோல் ஒட்ற சொல்யூஷன். சூடு காட்னா விட்டுடும். எங்கம்மா தினமும் இதான் பண்றாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை, ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தாள். அந்த அம்மா வழியில் ஒரு செருப்புப் பட்டறையில் சூடான காற்று ஊதும் மெஷினைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பலகையைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பெனியில கோணலா ஒட்ன ஷூ சோலை நாள் பூரா பிரிக்கிறேன். இது இன்னா பெரிய விஷயம்? மெஷின் பாய் இருந்திருந்தா இத ஒட்ட வுட்டிருப்பாரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து மெமோ வரும் என்று தெரியும். பரவாயில்லை, ஊதுங்கள் என்றேன்.

ஒவ்வொரு ரோபோவாகக் கையோடு வந்தது. பிள்ளைகள் பசையைச் சுரண்டினார்கள், ஸ்குரூக்களைக் கழற்றித் துடைத்தார்கள், மறுபடி மாட்டி ஓட்டினார்கள். அறையெங்கும் ஒரே கூச்சல். ஒரு மணி ஆனதும் நஸ்ரீன் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் பிரிச்சு வைங்க."

ஒரு சின்னப் பெண் அழுதாள். நஸ்ரீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினாள். பலகையில் இப்போது நன்கொடையாளர் பெயரும் ஆறு பசைக் கறைகளும் மட்டும்தான் இருக்கின்றன.

இன்று காலை மெமோ வந்தது. 'காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்கள் பிரிக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' கைப்பையில் பேனாவைத் தேடியபோது உங்கள் சின்ன ஸ்குரூ டிரைவர்தான் முதலில் கைக்கு வந்தது. உங்கள் ஜனாஸா அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் வீட்டம்மா கொடுத்தது. அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரே வரியில் பதில் எழுதினேன், பாய்.

'வகுப்பு முடிந்தது, பிரித்து வைத்தோம்.'